என்எஃப்எஸ் கெர்னல் பேட்ச் ரிவ்யூ: அறிகுறிய வச்சு தப்ப பிடிக்கிறது எப்படி

மண்டபத்துல இருந்து எழுதுறேன். லினக்ஸோட மைய ப்ரோக்ராமான கெர்னல்ல, ஒரு மிஷின்ல இருக்குற ஃபைல நெட்வொர்க் வழியா இன்னொரு மிஷின் பயன்படுத்த விடுற என்எஃப்எஸ் பக்கம் வர்ற பேட்ச்சுகள, அதாவது கோட மாத்தி அனுப்புற திருத்தங்கள, எடுத்து படிச்சு, வீட்டுல ஓட்டி பாத்து, கோளாறு தெரிஞ்சா பதில் போடுறது ராத்திரி வேலை. பகல்ல தங்கச்சிமடத்துல மச்சானோட போட்டோ ஸ்டுடியோவுக்கும் பாம்பன்ல ஒரு கருவாட்டு வாடி ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் பாத்து குடுக்குறேன், ரெண்டு இடத்துலயும் ஃபைல் ஷேர் பண்றது என்எஃப்எஸ் சர்வர்தான், அதனால பேட்ச்ல என்ன தப்பு விட்டா இங்க எந்த ஆள் போன் அடிச்சு என்ன சொல்லுவாருன்னு ஓரளவுக்கு தெரியும்.

உச்சிப்புளியில ஒரு தம்பி, இன்ஜினியரிங் படிக்கிறான், இப்பதான் பேட்ச் எழுத ஆரம்பிச்சிருக்கான். பேட்ச்ல மாறுன வரிகள மட்டும் காட்டுறதுக்கு டிஃப்னு பேரு. "அண்ணே, டிஃப்ப வரி வரியா படிக்கிறேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு, அப்புறம் எப்படிண்ணே தப்பு கண்ணுல படும்?"னு கேட்டான். அவனுக்கு சொன்னதத்தான் இங்க எழுதுறேன். டிஃப்ல இருந்து ஆரம்பிக்காத தம்பி, யூசர் கண்ணுல என்ன தெரியும்ங்கிறதுல இருந்து பின்னாடி வா. அதோட இது ரெண்டு மிஷின் சமாச்சாரம், நீ படிக்கிற வரி சர்வர்ல ஓடும்போது அந்த பக்கம் ஃபைல கேக்குற மிஷின், அதான் க்ளையன்ட், என்ன நம்பிக்கிட்டு இருக்குன்னு கூடவே யோசிக்கணும். ஒரு மிஷின மட்டும் மனசுல வச்சு படிச்சா எல்லா வரியும் சரியாத்தான் தெரியும்.

கெர்னல் சோர்ஸ் கோடு எங்க இருக்குன்னா, எஃப்எஸ் ஃபோல்டருக்குள்ள என்எஃப்எஸ்னு இருக்குறது க்ளையன்ட், என்எஃப்எஸ்டின்னு இருக்குறது சர்வர், லாக்டின்னு இருக்குறது பழைய வெர்ஷனோட லாக் (ஒருத்தர் மாத்தும்போது இன்னொருத்தர் கை வைக்காம பூட்டுறது) வேலை, இது மூணுக்கும் அடியில நெட் ஃபோல்டர்ல சன்ஆர்பிசி, ஒரு மிஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு கேள்வியும் பதிலும் கொண்டு போறது. என்எஃப்எஸ்ஸ 1984-ல கொண்டு வந்தது சன் கம்பெனி, அந்த பேரு இன்னும் உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு. 1995-ல மூணாவது வெர்ஷன், 2000-ல நாலாவது. மூணுல சர்வர் எதையும் ஞாபகம் வச்சுக்காது, நாலுல யார் எந்த ஃபைல திறந்தாங்க, யார் லாக் போட்டாங்கன்னு எல்லாம் வச்சுக்கும். ரிவ்யூல வர்ற தலைவலியில பாதி இந்த ஞாபகத்தாலதான்.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் வேலை, தப்பு எந்த பக்கம்னு பிரிக்கிறது. பழைய கெர்னல் சர்வர் பழைய க்ளையன்ட், பழைய சர்வர் புது க்ளையன்ட், புது சர்வர் பழைய க்ளையன்ட், ரெண்டும் புதுசு, இப்படி நாலு ஜோடியும் ஓட்டிரு. என்கிட்ட ரெண்டு பழைய டெஸ்க்டாப்தான் இருக்கு, அதுலயே முடியுது. இத செய்யாம ரெண்டு நாள் தப்பான பக்கத்து கோட படிச்சிருக்கேன், அந்த ரெண்டு நாள் போனது போனதுதான்.

அறிகுறி: ஃபோல்டர திறந்தா அப்படியே நிக்குது, கண்ட்ரோல் சி அடிச்சாலும் வரல

இதுதான் அடிக்கடி வர்றது. கெர்னல் செய்தி பதிவாகுற டிமெசேஜ்ல பாத்தா சர்வர் பதில் சொல்லல, இன்னும் முயற்சி பண்றேன்னு ஒரு வரி இருக்கும். பதறாதீங்க, சர்வரோட ஃபோல்டர நம்ம மிஷின்ல மாட்டுறதுதான் மவுண்ட், ஹார்ட் மவுண்ட்னா அப்படித்தான், சர்வர் வர்ற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். டிசிபியில டைமியோ, அதாவது ஒரு பதிலுக்கு காத்திருக்குற நேரம், 600, அது செகண்ட்ல பத்துல ஒரு பங்கு கணக்கு, அதாவது 60 செகண்ட். முதல்ல சர்வருக்கு பிங் போகுதா, 2049 போர்ட் திறந்திருக்கான்னு பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தா சர்வர்ல ரிக்வெஸ்ட்ட வாங்கி வேலை பாக்குற என்எஃப்எஸ்டி த்ரெட் எத்தனைன்னு பாருங்க. ரொம்ப காலமா டிஃபால்ட்டா 8-தான் இருந்துச்சு. வாடி ஆபீஸ்ல யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணு உப்புக்காத்துல கனெக்டர் துரு பிடிச்சு இழுத்து இழுத்து ஓடிச்சு, எட்டு த்ரெட்டும் அந்த டிஸ்க்குக்காக காத்துக்கிட்டு நின்னுருச்சு, அந்த டிஸ்க்கையே தொடாத மிஷினும் சேந்து நின்னுச்சு. கேபிள மாத்துனதும் சரியாயிருச்சு, கெர்னல்ல ஒரு கோளாறும் இல்ல.

ஹார்டுவேர் நல்லா இருந்தும் நிக்குதுன்னா, தொங்கிக்கிட்டு இருக்குற ப்ராசஸோட ஸ்டாக்க, அதாவது எந்த ஃபங்ஷனுக்குள்ள நிக்குதுங்கிற பட்டியல, எடுங்க, ப்ராக் ஃபோல்டர்ல அந்த நம்பருக்குள்ள ஸ்டாக்னு ஒரு ஃபைல் இருக்கும். மேல இருக்குற முதல் வரி ஆர்பிசி வெயிட்ல நின்னா சர்வரோட பதிலுக்கு காத்திருக்குன்னு அர்த்தம். மியூடெக்ஸ்ல, அதாவது ஒரு நேரத்துல ஒருத்தர மட்டும் விடுற பூட்டுல, நின்னா க்ளையன்ட்டுக்குள்ளயே யாரோ சாவிய கையில வச்சுக்கிட்டு தூங்குறான், அப்பதான் பேட்ச்ச சந்தேகப்படணும்.

பேட்ச்ல நான் தேடுறது இது. எழுதுற டேட்டாவ சர்வருக்கு தள்ளுற வழி இருக்குல்ல, ரைட்பேக்குன்னு சொல்றது, அந்த வழியில லாக்க பிடிச்சுக்கிட்டே மெமரி கேக்குற வரி புதுசா வந்திருக்கா? சாதாரண ஜிஎஃப்பி கெர்னல் ஃபிளாக்ல கேட்டா, மெமரி பத்தலன்னா கெர்னல் என்ன பண்ணும், எழுதாம கிடக்குற பேஜ காலி பண்ண போகும், அந்த பேஜ் இதே என்எஃப்எஸ் மவுண்ட்டோடதா இருக்கும், அத எழுத இதே லாக் வேணும், அவ்வளவுதான், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அதுக்குத்தான் ஃபைல்சிஸ்டம் பக்கம் போகாதன்னு சொல்ற நோஎஃப்எஸ்னு தனி ஃபிளாக். 16 ஜிபி மிஷின்ல டெஸ்ட் பண்ணா இது வரவே வராது. 512 எம்பி மட்டும் குடுத்து ஒரு விர்ச்சுவல் மிஷின் தூக்கி, அதுல பெரிய ஃபைலா எழுத விடுங்க. லாக் பிடிக்கிற வரிசைய சோதிக்கிற லாக்டெப்ப ஆன் பண்ணி கட்டுன கெர்னலா இருந்தா நிக்கிறதுக்கு முன்னாடியே கத்தி சொல்லிரும், ரிவ்யூ பண்றவங்க அது இல்லாத கெர்னல்ல டெஸ்ட் பண்ணவே கூடாதுங்கிறது என் கட்சி.

நிக்குதேன்னு சாஃப்ட் மவுண்ட்டுக்கு மாத்திராதீங்க. அது கொஞ்ச நேரம் பாத்துட்டு எரர குடுத்துரும், எரர கவனிக்காத ப்ரோக்ராம் பாதி ஃபைலோட வேலை முடிஞ்சிருச்சுன்னு போயிரும். ஸ்டுடியோவுல ஒரு கல்யாண ஆல்பத்துல கீழ்பாதி சாம்பல் கலர்ல நாலு போட்டோ வந்தது அப்படித்தான். படிக்க மட்டும்னா பரவாயில்ல, எழுதுற இடத்துல வேண்டாம்.

அறிகுறி: ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்னு வருது

ஃபைல் ஹேண்டில்ங்கிறத படகு மேல எழுதியிருக்குற பதிவு நம்பர் மாதிரி நினைச்சுக்கோங்க. க்ளையன்ட் ஃபைலோட பேர வச்சு வேலை பாக்காது, முதல் தடவை சர்வர் குடுத்த அந்த நம்பர வச்சுத்தான் பாக்கும். உள்ள எந்த ஃபைல்சிஸ்டம்ங்கிற அடையாளம், டிஸ்க்குல ஃபைல அடையாளம் காட்டுற ஐநோட் நம்பர், அதுக்கப்புறம் ஜெனரேஷன் நம்பர் இருக்கும். ஜெனரேஷன் எதுக்குன்னா, ஒரு படகு உடைஞ்சு போய் அதே நம்பர இன்னொரு படகுல எழுதிட்டா பழைய ஆள் வந்து புது படகுல ஏறிரக்கூடாதுல்ல, அதுக்கு. ஐநோட் நம்பர் திரும்ப வரும், ஜெனரேஷன் மாறியிருக்கும், சர்வர் ஸ்டேல், அதாவது காலாவதின்னு சொல்லிரும்.

அதனால ஒரு ஃபைல சர்வர்ல யாரோ அழிச்சிட்டு வந்தது இதுன்னா அது தப்பே இல்ல, சரியான பதில். கரண்ட் போய் வந்தப்புறம் மொத்த மவுண்ட்டும் ஸ்டேல் ஆச்சுன்னா எந்த ஃபோல்டர ஷேர் பண்றதுன்னு சர்வர்ல எழுதி வைக்கிற எக்ஸ்போர்ட்ஸ் ஃபைல்ல எஃப்எஸ்ஐடி, அதாவது ஃபைல்சிஸ்டத்தோட அடையாள நம்பர், குடுத்திருக்கான்னு பாருங்க. தனக்குன்னு நிரந்தர அடையாளம், அதான் யூயூஐடி, இல்லாத ஃபைல்சிஸ்டத்துக்கு டிவைஸ் நம்பர வச்சு அடையாளம் போடுவாங்க, ரீபூட்ல யூஎஸ்பி டிஸ்க்கோட வரிசை மாறுனா அடையாளமும் மாறிரும். எஃப்எஸ்ஐடி ஒரு நம்பர் குடுத்துட்டா முடிஞ்சது.

ரிவ்யூல, ஹேண்டில உருவாக்குற இடத்தையோ பிரிச்சு படிக்கிற இடத்தையோ தொட்ட பேட்ச்னா எழுந்து உக்காந்துருவேன். காரணம், பழைய கெர்னல் குடுத்த ஹேண்டில் க்ளையன்ட் கையில ஏற்கனவே இருக்கு, சர்வர் புது கெர்னல்ல எந்திரிச்சு வரும்போது க்ளையன்ட் அதே பழைய நம்பரத்தான் நீட்டும். பேட்ச் எழுதுனவர் புதுசா மவுண்ட் பண்ணி டெஸ்ட் பண்ணியிருப்பார், அது பாஸ் ஆகத்தான் செய்யும். பழைய கெர்னல்ல மவுண்ட் பண்ணி, ஒரு ஃபைல திறந்து வச்சுக்கிட்டு, க்ளையன்ட்ட தொடாம சர்வர மட்டும் புது கெர்னல்ல ரீபூட் பண்ணி, அதே ஃபைல படிச்சு பாக்கணும். அளவும் பாருங்க, மூணாவது வெர்ஷன்ல ஹேண்டில் 64 பைட்டுக்கு மேல போகக்கூடாது, நாலுல 128. நாலுல மட்டும் ஓட்டி பாத்துட்டு அனுப்புன பேட்ச் மூணுல இடிக்கும்.

அறிகுறி: மவுண்ட் ஆகுது, ஆனா ஃபோல்டர் காலி

பயந்துராதீங்க, டேட்டா போகல. கரண்ட் வந்ததும் சர்வர் எந்திரிச்சிருச்சு, டிஸ்க் இன்னும் மவுண்ட் ஆகல, அந்த காலி ஃபோல்டரையே எக்ஸ்போர்ட் பண்ணிருச்சு. எக்ஸ்போர்ட்ஸ்ல மவுண்ட்பாயிண்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டா டிஸ்க் வந்தாத்தான் ஷேர் ஆகும். வெளி ஃபோல்டர் தெரியுது, உள்ள இன்னொரு டிஸ்க் மாட்டுன இடம் மட்டும் காலின்னா க்ராஸ்மவுண்ட் ஆப்ஷன். கெர்னல் வரைக்கும் போக வேண்டிய விஷயம் இல்ல.

அறிகுறி: ஃபைலுக்கெல்லாம் ஓனர் நோபடின்னு காட்டுது, இல்லன்னா பெர்மிஷன் இல்லன்னு வருது

எல்லா ஃபைலும் நோபடின்னா யூசர் பேர ரெண்டு பக்கமும் பொருத்துற ஐடிமேப் டொமைன் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ரூட்டா எழுதுனது மட்டும் நோபடின்னா ரூட் ஸ்குவாஷ், க்ளையன்ட்டோட ரூட்டுக்கு சர்வர்ல ரூட் உரிமை கிடைக்காம தடுக்க வேணும்னே வச்சது. ஒரே ஒருத்தருக்கு மட்டும் சில ஃபோல்டர் திறக்கலன்னா அவர் எத்தனை குரூப்ல இருக்காருன்னு எண்ணுங்க, யூசர் நம்பரையும் குரூப் நம்பரையும் அனுப்புற சாதாரண ஆத் சிஸ் முறையில ஒரு ரிக்வெஸ்ட்ல 16 குரூப்புக்கு மேல போகாது, பதினேழாவது குரூப் வழியா கிடைக்கிற உரிமை சர்வருக்கு தெரியவே தெரியாது. சர்வர்ல மவுண்ட் கோரிக்கைய கவனிக்கிற மவுண்ட்டிக்கு மேனேஜ் ஜிஐடின்னு ஆப்ஷன் குடுத்தா சர்வரே குரூப்ப தேடி எடுத்துக்கும்.

பேட்ச்ல இது எப்படி வரும்னா, ஒவ்வொரு சர்வர் த்ரெட்டும் பல பேருக்கு வேலை பாக்குது, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அந்தந்த ஆளோட சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் டிஸ்க்க தொடும். ஓவர்ரைட் க்ரெட்ஸ்னு மாட்டுற வரி ஒண்ணு இருந்தா, ரிவர்ட்னு கழட்டுற வரி எல்லா வழியிலயும் இருக்கணும். நடுவுல எரர் வந்து சீக்கிரம் வெளிய போற வழியில கழட்ட மறந்தா, அந்த த்ரெட் அடுத்த வேலையையும் பழைய ஆளோட உரிமையிலயே செய்ய வாய்ப்பு வந்துரும். யூசர் கண்ணுக்கு பெர்மிஷன் எரரா தெரிஞ்சா அது அதிர்ஷ்டம், எரரே வராம கிடைக்கக்கூடாத ஃபைல் கிடைச்சா யாரும் போன் பண்ணி சொல்ல மாட்டாங்க. இந்த மாதிரி இடத்துல ஒரு வரி பேட்ச்சா இருந்தாலும் ஒரு மணி நேரம் செலவு பண்ணுவேன்.

அறிகுறி: அந்த மிஷின்ல சேவ் பண்ணது இந்த மிஷின்ல பழசாவே தெரியுது

பாதி நேரம் இது வடிவமைப்பு. க்ளையன்ட் ஃபைலோட விவரத்த கொறஞ்சது 3 செகண்ட், அதிகபட்சம் 60 செகண்ட் கையில வச்சுக்கும், ஃபோல்டர் விவரம் 30-ல இருந்து 60. மூடும்போது எழுதி தள்ளணும், திறக்கும்போது சர்வர்கிட்ட கேக்கணும், இதுதான் ஒப்பந்தம். மூடாம திறந்தே வச்சிருக்குற ஃபைலுக்கு உத்தரவாதம் இல்ல. "ஃபைலே இல்லங்குதுடா"ன்னு மச்சான் கத்துவார், கொஞ்சம் முன்னாடி தேடி இல்லன்னு வந்த பதிலயும் க்ளையன்ட் ஞாபகம் வச்சுக்கும், லுக்கப் கேஷ பாசிட்டிவ்னு மாத்துனா அந்த தொல்லை போயிரும்.

மூடி திறந்தப்புறமும் பழசுன்னா அது நெஜமான தப்பு. சர்வர் ஃபைல் மாறிருச்சுன்னு க்ளையன்ட்டுக்கு சொல்ற முக்கியமான வழி நேரமும், ஃபைல் மாறும்போதெல்லாம் மாறுற சேஞ்ச் நம்பரும். கெர்னல் நேரத்த கடிகார டிக்குக்கு ஒரு தடவைதான் புதுப்பிச்சு வந்துச்சு, செகண்டுக்கு 250 டிக்னா 4 மில்லிசெகண்ட். அதுக்குள்ள ரெண்டு தடவை எழுதுனா ரெண்டுக்கும் ஒரே நேரம், நடுவுல படிச்ச க்ளையன்ட் மாறவே இல்லன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கும். இத தீக்க கெர்னல்ல என்எஃப்எஸ் பக்கம் வேலை பாக்குற ஜெஃப் லேட்டன் மல்டிகிரெய்ன் டைம்ஸ்டாம்ப்னு ஒண்ணு எழுதுனார், யாராவது நேரத்த கேட்டு பாத்திருந்தா மட்டும் அடுத்த மாத்தத்துக்கு நுணுக்கமான நேரம் போடுறது. 6.6 கெர்னலுக்கு உள்ள போச்சு, ரிலீஸுக்கு முன்னாடியே வெளிய எடுத்துட்டாங்க, ஏன்னா ஒரு ஃபைலுக்கு நுணுக்க நேரமும் இன்னொண்ணுக்கு டிக் நேரமும் விழும்போது பின்னாடி எழுதுன ஃபைல் முன்னாடி எழுதுன மாதிரி தெரிஞ்சிருச்சு. எந்த ஃபைல் மாறிச்சுன்னு நேரத்த வச்சு பாத்து திரும்ப கட்டுற மேக் மாதிரி ப்ரோக்ராமெல்லாம் அந்த முன்ன பின்னய நம்பித்தான் வேலை பாக்குது. வரிசை கெடாம திருத்தி எழுதி 6.13-ல வந்துச்சு. தம்பிகிட்ட இத முழுசா படிக்க சொன்னேன், வரியில தப்பே இல்லாத பேட்ச்சும் ஏன் திரும்பி வரும்னு இத விட நல்ல பாடம் எனக்கு தெரிஞ்சு இல்ல.

அறிகுறி: சேவ் ஆச்சுன்னு சொல்லிச்சு, கரண்ட் போய் வந்தா ஃபைல் இல்ல

புயல் எச்சரிக்கைக்கு பாம்பன்ல கூண்டு ஏத்துனா நான் முதல்ல பாக்குறது ரெண்டு இடத்து எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலையும்தான். ஏசிங்க்னு இருந்தா உடனே சிங்க்குக்கு மாத்துங்க. ஏசிங்க்னா டிஸ்க்குக்கு போகாமலே எழுதிட்டேன்னு சர்வர் க்ளையன்ட்கிட்ட பொய் சொல்லுது. வேகம் கிடைக்கும், ஆனா நம்ம ஊர் கரண்ட்ட நம்பி அந்த வேகத்த வாங்க முடியாது.

சிங்க்குல வேகம் எங்க இருந்து வருதுன்னா, மூணாவது வெர்ஷன்ல கமிட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. க்ளையன்ட் நெறைய எழுதி தள்ளும், சர்வர் வாங்கிக்கிட்டேன்னு மட்டும் சொல்லி கூட ஒரு 8 பைட் வெரிஃபையர் குடுக்கும், கடைசியில க்ளையன்ட் கமிட் கேக்கும், அப்பவும் அதே வெரிஃபையர் வந்தாத்தான் கையில இருக்குற காப்பிய க்ளையன்ட் விடும். நடுவுல சர்வர் செத்து எந்திரிச்சா வெரிஃபையர் மாறியிருக்கும், எல்லாத்தையும் திரும்ப அனுப்பும். ரீபூட் மட்டும் இல்ல, டிஸ்க்குக்கு எழுதுறதுல எரர் வந்தாலும் வெரிஃபையர மாத்தியாகணும், இல்லன்னா க்ளையன்ட் காப்பிய கீழ போட்டுரும், சர்வர்லயும் இருக்காது. இந்த வழிய தொடுற பேட்ச்ல "எரர் வந்தா வெரிஃபையர் என்ன ஆகும்?"னு ஒரு கேள்விய கண்டிப்பா கேட்டு அனுப்புவேன்.

கரண்ட் வந்து சர்வர் எந்திரிச்சதும் ஒன்றரை நிமிஷம் யாராலயும் ஃபைல திறக்க முடியல, லாக் கிடைக்கலன்னா அது க்ரேஸ் பீரியட், 90 செகண்ட், பழைய ஆளுங்க தங்களோட லாக்க திரும்ப கேட்டு வாங்கிக்க குடுக்குற நேரம். டீ குடிச்சிட்டு வாங்க.

அறிகுறி: எரர் நம்பரே விசித்திரமா இருக்கு

ஸ்டேலுக்கு ஒயர்ல 70 வரணும், பாக்கெட்ட பிடிச்சு பாத்தா 1174405120 நிக்குது. அந்த நாலு பைட்ட தலைகீழா போட்டா அதே 70-தான். நெட்வொர்க்குல பெரிய பைட் முன்னாடி, நம்ம மிஷின்ல சின்ன பைட் முன்னாடி, பேட்ச்ல எங்கயோ மாத்தாம விட்டிருக்காங்க. கண்ணால தேட வேண்டாம், கோட சோதிக்கிற ஸ்பார்ஸ்ங்கிற டூல ஓட்டுனா அதுவே வரி நம்பரோட சொல்லிரும்.

அறிகுறி: அன்மவுண்ட் பிஸின்னு சொல்லுது, இல்லன்னா சர்வர்ல மெமரி நாளுக்கு நாள் ஏறுது

கடலுக்கு போன படகெல்லாம் கரைக்கு வந்துருச்சான்னு எண்ணுவோம்ல, ரெஃபரன்ஸ் கவுண்ட் அதேதான். ஒரு பொருள எடுக்கும்போது ஒண்ணு கூடும், விடும்போது ஒண்ணு கொறையும், கடைசி ஆள் விட்டதும் பொருள் போயிரும். விட மறந்தா அந்த பொருள் சாகாது, சர்வர்ல அந்த டிஸ்க்க கழட்ட முடியாது. ரெண்டு தடவை விட்டா இன்னும் மோசம், வேற ஒருத்தர் கையில இருக்கும்போதே பொருள் மறைஞ்சு மிஷின் விழுந்துரும்.

தம்பியோட பேட்ச்ல இருந்தது இதுதான். ஃபங்ஷன்ல, திறந்த ஃபைலுக்கும் லாக்குக்கும் சர்வர் வச்சுக்குற அடையாளமான ஸ்டேட் ஐடிய தேடி எடுத்தப்புறம் நடுவுல புதுசா ஒரு சோதனை சேத்திருந்தான், சோதனை தோத்தா நேரா ரிட்டர்ன். அந்த ஃபங்ஷன்ல மத்த எல்லா வழியும் கீழ அவுட்ங்கிற லேபிளுக்கு போய் எடுத்தத விட்டுட்டு வெளிய போகுது, இவன் வழி மட்டும் கதவ தாண்டி குதிச்சு ஓடுது. டிஃப்ல அந்த அவுட் லேபிள் தெரியவே தெரியாது, அது நாப்பது வரி கீழ இருக்கு. அதனால டிஃப்ப மட்டும் படிக்காம ஃபைல திறந்து மொத்த ஃபங்ஷனையும் படிங்க, எடுக்குற ஒவ்வொரு வரிக்கும் பேப்பர்ல ஒரு கோடு போடுங்க, வெளிய போற ஒவ்வொரு வழியிலயும் அந்த கோட அடிச்சிட்டே வாங்க. நான் இன்னும் பேப்பர்லதான் செய்றேன்.

டெஸ்ட் பண்ணணும்னா அந்த எரர் வழி நெஜமா ஓடணும். சும்மா ஃபைல் காப்பி பண்ணா எரர் வழிக்கு போகவே போகாது. ஃபால்ட் இன்ஜெக்ஷன் ஆன் பண்ணி மெமரி கேக்குறத அப்பப்ப தோக்க வைங்க, பைஎன்எஃப்எஸ் டெஸ்ட்ட ஓட்டுங்க, அது வேணும்னே தப்பு தப்பா கேக்கும். முன்னாடியும் பின்னாடியும் கெர்னல் மெமரி கணக்கு காட்டுற ஸ்லாப்இன்ஃபோல என்எஃப்எஸ்டி4ன்னு ஆரம்பிக்கிற வரிகள குறிச்சு வைங்க, க்ளையன்ட் எல்லாம் கழண்டப்புறமும் ஸ்டேட்ஐடி எண்ணிக்கை இறங்கலன்னா லீக். ரெண்டு தடவை விட்ட கேஸுக்கு விட்ட மெமரிய தொட்டா காட்டிக்குடுக்குற கேசான் போட்டு கட்டுன கெர்னல் வேணும்.

எந்த பேட்ச்னே தெரியல, போன ரிலீஸ்ல நல்லா இருந்துச்சு இப்ப இல்லன்னா பைசெக்ட்தான். ஒரு ரிலீஸுக்கு பத்தாயிரத்துக்கு மேல மாத்தம் வரும், பாதி பாதியா வெட்டுனா 14 தடவைக்குள்ள ஆள பிடிச்சிரலாம். லோக்கல் மாட் கான்ஃபிக் போட்டு, ஓடிக்கிட்டு இருக்குற மாட்யூல மட்டும் வச்சு கட்டுங்க, பழைய மிஷின்ல நேரம் ரொம்ப மிச்சம். ஒரு பக்கத்த மட்டும் மாத்துங்க, இன்னொரு மிஷின் கெர்னல தொடாதீங்க. என்எஃப்எஸ் ஃபோல்டர மட்டும் வெட்டி தேடாதீங்க, தப்பு மெமரி பக்கமோ எல்லா ஃபைல்சிஸ்டத்துக்கும் பொதுவான விஎஃப்எஸ் பக்கமோ இருந்தா அது சிக்கவே சிக்காது.

பதில் எழுதும்போது வரிய சுட்டி காட்டி, எந்த பக்கம் எந்த கெர்னல், எந்த வெர்ஷன்ல மவுண்ட், யூசருக்கு என்ன தெரியும், இத நாலு வரியில எழுதுங்க. புது ஆள்னா எந்த வழியில தப்புதுன்னு முழுசா சொல்லுங்க, லீக்குன்னு ஒத்த வார்த்தை போட்டு அனுப்புனா அவங்க ரெண்டு நாள் முழிப்பாங்க. எந்த பழைய மாத்தத்தால வந்த தப்புன்னு தெரிஞ்சா ஃபிக்சஸ் வரிய போட சொல்லுங்க, ஸ்டேபிள் கெர்னலுக்கு எடுக்குறவங்க அதையும் பாத்துத்தான் எடுப்பாங்க. படிச்சு மட்டும் பாத்தா ரிவ்யூட் பை, ஓட்டி பாத்தா டெஸ்டட் பை, ஓட்டாம ரெண்டாவத போடாதீங்க.

தம்பியோட ரெண்டாவது வெர்ஷன் முந்தாநாள் வந்துச்சு, ரிட்டர்ன கோட்டூ அவுட்னு மாத்தியிருக்கான். நாலு ஜோடியும் ஓட்டியாச்சு, ஸ்டேட்ஐடி எண்ணிக்கை ஏறி இறங்கி பழைய இடத்துலயே நிக்குது. டெஸ்டட் பை போட்டு அனுப்பிட்டேன்.